வேன் பாலிசியும் கொழுந்தனார் காரும்

என் இடது மணிக்கட்டு உடைந்த நான்காம் நாள், அந்தக் காரை ஓட்டியது நான் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். கையில் மாவுக்கட்டு இன்னும் ஈரம் காயாத மாதிரி கனத்துக்கொண்டிருந்தது. சொன்னவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். கூட ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதும் நினைத்தால் எனக்கு முகம் சூடேறுகிறது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தினேன். காலை ஐந்தரைக்குத் தொடங்கும் சிறப்பு வகுப்புக்கு ராசிபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போக முடியாமல்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் கணவருக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை குறைவு. அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. எங்கள் வீட்டில் வண்டி என்றால் ஓட்டுவது நான்தான். வேலையை விட்ட வருஷம், சேமித்து வைத்திருந்ததில் பழைய வேன் ஒன்றை வாங்கினோம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கொடுத்து, உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டினோம். பட்டறைக்காரருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "லோடு ஏத்தறதுக்கே கட்டிக் கட்டிச் சலிச்சுப் போச்சுங்க. இதுல மனுசன் தூங்கப் போறான்னு நெனச்சா ஆசையா இருக்குதுங்க" என்றார். வண்டியின் மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி வாங்குவதற்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தேன் என்பது வேறு கதை. வண்டி என் பேரில் வந்தது.

இன்சூரன்ஸ் போட எங்கள் ஊர் ஏஜென்ட் வந்தார். கொழுந்தனார் காருக்கும் அவர்தான் பாலிசி போட்டுக் கொடுத்திருந்தார். சிரித்த முகம், சட்டைப்பையில் மூன்று பேனா. வண்டி என் பேரில், காசு என் கணக்கில், ஓட்டப்போவது நான். அவர் பேசியது முழுக்க என் கணவரிடம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். "எங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா அவங்க காரையும் நான் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த நேரத்துல ஏதாவது ஆச்சுன்னா இந்த வேன் பாலிசி செல்லுமா?"

அவர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "சார், இது ஃபுல் கவர்ங்க. மேடம் எந்த வண்டிய எடுத்தாலும் நீங்க கவலையே படாதீங்க."

"எந்த வண்டியா இருந்தாலுமா? எழுத்துல எங்க இருக்குது?"

"எல்லாம் உள்ளாற இருக்குதுங்க மேடம். அம்பது பக்கம் வரும். அதெல்லாம் யாருங்க படிக்கறாங்க?"

நான் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. பரீட்சையில் கேள்வியையே படிக்காமல் பதில் எழுதுகிற பிள்ளைகளை வருஷக்கணக்காகத் திட்டியவள், அன்றைக்குப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் கோபம் என் மேலேயே.

என் கொழுந்தனார் அயோத்தியாப்பட்டணத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். அந்த மாசி மாதம் அவருக்குச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்புரை அறுவை செய்தார்கள். முதல் நாள் அவர் தன் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது காரை ஓட்ட ஆள் இல்லை. ஓரகத்திக்கு, அதாவது அவர் மனைவிக்கு, ஓட்டத் தெரியாது. போன் வந்தது எனக்குத்தான்.

"அக்கா, நீங்க வந்து எங்கூட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து உட்டுருங்க. உங்களை விட்டா எங்களுக்கு யாருக்கா இருக்கறா?"

நானும் கணவரும் பஸ்ஸில் போனோம். வேன் அப்போது பிரேக் வேலைக்காகப் பட்டறையில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் கொழுந்தனார் ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றார். சட்டைப்பையைத் தடவிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "மெதுவாவே போலாம் அண்ணி, குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கறாரு" என்றார்.

மெதுவாகத்தான் போனேன். பின் சீட்டில் அவரும் ஓரகத்தியும், முன்னால் என் பக்கத்தில் கணவர். அயோத்தியாப்பட்டணம் தாண்டி அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பும் சாலை குறுகலானது. ஜவ்வரிசி ஆலையின் புளித்த நாற்றம் வந்ததும் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். அடுத்த நிமிஷம் வலது பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் நேராக என் முன்னால் வந்தது. பின்னால் இரண்டு கோழித்தீவன மூட்டை. ஓட்டி வந்தவர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பிரேக்கை மிதித்து இடதுபக்கம் ஒடித்தேன். கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. கியர் மேல் இருந்த என் இடது கை எப்படி மடங்கியது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

மொபெட்காரருக்கு ஒரு கீறல் இல்லை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, நசுங்கிப்போன காரின் முன்பக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு மூட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அந்த ஆளின் உயிரைக் காப்பாற்றுவதற்காகத்தான் நான் கையை உடைத்துக்கொண்டிருந்தேன். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மற்ற மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொழுந்தனாரின் கண்ணுக்கும் ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் மறுபடி பார்த்துச் சொன்னார்கள். எனக்கு மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஓரகத்தி போன் செய்தாள். கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாள். இரண்டாவது வார்த்தை இது: "அக்கா, உங்க வேன் பாலிசில எந்த வண்டிய ஓட்டுனாலும் செல்லும்னு ஏஜென்ட் சொன்னாருன்னு சொன்னீங்கல்ல, அதுலயே போட்டுருங்கக்கா. எங்க பாலிசில கேட்டா, இத்தன வருசம் க்ளெய்ம் இல்லாம வந்த சலுகை போயிருமாமா."

அவள் கேட்டதில் தப்பில்லை. வேன் வாங்கிய புதிதில் நானே பெருமையாக அவளிடம் சொல்லியிருந்தேன். ஏஜென்டுக்குப் போன் செய்தேன்.

"அது எப்பிடிங்க மேடம்?" என்றார். "வேன் பாலிசி வேனுக்குத்தானுங்க. கார் இடிச்சதுக்கு வேன் பாலிசில எப்பிடிக் கேக்கறது?"

"எந்த வண்டிய எடுத்தாலும் கவலைப்படாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கவலைப்படாதீங்கன்னு சொல்லிருப்பனுங்க. கவர் ஆகும்னு சொல்லலியே. படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டேன். எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ பொய்களோடு என் முன்னால் நின்றிருக்கிறார்கள். இவ்வளவு அலட்சியமாக ஒருவரும் சொன்னதில்லை.

நான்காம் நாள் கொழுந்தனார் வீட்டில் கூடினோம். கார் அதற்குள் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. ஏஜென்ட் க்ளெய்ம் படிவத்தோடு வந்திருந்தார். ஓரகத்தியின் அண்ணன் பள்ளிபாளையத்திலிருந்து வந்திருந்தார். அங்கே விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறவர், நல்ல மனிதர். விபத்து நடந்த நேரத்தில் அவர் தறிக் கூடத்தில் இருந்தார். ஏன் வந்திருக்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

ஏஜென்ட் கொழுந்தனாரைக் காட்டிப் பேச்சைத் தொடங்கினார். "சார் பேர்ல பாலிசி. ஓட்டினது மேடம். மேடத்துக்கு வேற வண்டி, வேற பாலிசி. கம்பெனில நூறு கேள்வி கேப்பாங்க. சார்தான் ஓட்டினாருன்னு போடலாம்னா அன்னைக்குக் கண் ஆபரேசன். மேடத்தோட வீட்டுக்காரரு ஓட்டறதில்ல. அதனால இவரு ஓட்டுனதாப் போட்டுக்கலாமுங்க." பள்ளிபாளையத்துக்காரரைக் காட்டினார். "சும்மா ஒரு பேருதானுங்க."

"நான் அப்போ எங்க இருந்தேன்?" என்று கேட்டேன்.

"நீங்க பின்னால உக்காந்திருந்தீங்கன்னு வெச்சுக்கலாம் மேடம்."

"பின்னால உக்காந்திருந்தவளுக்குக் கை எப்படி உடைஞ்சது?"

ஓரகத்தி மெதுவாக, "அக்கா, உங்க மேல ஒரு குத்தமும் சொல்லலக்கா. அண்ணன் பேருன்னா கேள்வி இல்லாமப் போயிரும். ஆம்பளை ஓட்டுனாருன்னா அவங்களும் துருவ மாட்டாங்க" என்றாள். பள்ளிபாளையத்துக்காரர் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

நான் என் கணவரைப் பார்த்தேன். இருபது வருஷமாக நான் ஓட்டும் வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் நான் வண்டியை ஏற்றி இறக்கியபோது நிம்மதியாகத் தூங்கியவர். அவர் சொன்னார்: "போட்டுட்டுப் போகட்டுமே. நமக்கென்ன?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான். நமக்கென்ன! அந்த மொபெட்காரரை ஏற்றிக் கொல்லாமல் வண்டியை ஒடித்தது நான். பின்னால் கண்ணில் கட்டோடு இருந்தவரைப் பத்திரமாகக் கொண்டுவந்தது நான். அன்றைக்கு நான் செய்தது எல்லாம் சரி. அதில் மறைக்க வேண்டியது என்ன இருக்கிறது? தப்பே செய்யாதவளைப் பின் சீட்டில் தூக்கிப் போட்டு, ஊரிலேயே இல்லாத ஒருவரை ஸ்டியரிங்கில் உட்கார வைக்கப் போகிறார்கள். அதுவும் ஏஜென்ட் ஒருவர் பாலிசியைப் படிக்காததால்.

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்று எழுந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிடாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனாருக்குப் போன் செய்து, அவருடைய பாலிசியை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பினார். இடது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் பக்கம் பக்கமாகத் தள்ளிப் படித்தேன். ஆங்கிலம்தான், ஆனால் ஒரு வாக்கியம் நான்கு வாக்கியத்தின் நீளம். ஓட்டுநர் என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. பாலிசிதாரர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். விபத்து நேரத்தில் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும். உரிமம் ரத்தானவராக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆண் என்று இல்லை. சொந்தக்காரர் என்று இல்லை. வேறு வண்டி வைத்திருக்கக் கூடாது என்றும் இல்லை. இன்னொரு பக்கத்தில், பொய்யான தகவல் கொடுத்தால் க்ளெய்ம் மொத்தமும் போகும் என்று கறுப்பு எழுத்தில் இருந்தது.

பிறகு என் வேன் பாலிசியையும் முதல்முறையாகப் படித்தேன். அதில் கொழுந்தனார் காருக்கு ஆன சேதத்துக்கு ஒரு வரியும் இல்லை. பாலிசி வண்டியைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் கூடவே ஒவ்வொரு வண்டிக்கும் ஏறி இறங்குவதில்லை. இதைச் சொல்ல ஏஜென்டுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

ஓரகத்தியிடம் படித்ததைச் சொன்னேன். "நீங்க படிச்சவங்கக்கா, ஆனா இது அவரு தொழிலு. அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

அதற்கு மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்கு சர்வேயர் வருவதாகத் தகவல் வந்தது. விபத்தான வண்டியைப் பார்த்துக் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பவர் அவர்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போனேன். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார், நான் வரச் சொல்லவில்லை.

அங்கே ஏஜென்டும் கொழுந்தனாரும் பள்ளிபாளையத்துக்காரரும் இருந்தார்கள். சர்வேயர் இளம் வயதுக்காரர். கார் முன்பக்கத்தைப் பல கோணத்தில் படம் எடுத்துவிட்டு, ஸ்டியரிங், சீட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்: "யாருங்க ஓட்டினது?"

ஏஜென்ட் முந்திக்கொண்டார். "இவருங்க சார், சாரோட மச்சான்."

பள்ளிபாளையத்துக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கினேன். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலத்தான் இருந்திருக்கும். "நான்தாங்க ஓட்டினேன். இவரு அன்னைக்குப் பள்ளிபாளையத்துல இருந்தாரு."

சர்வேயர் ஏஜென்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"லைசென்ஸ் இருக்குங்களா மேடம்?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு கொழுந்தனாரிடம், "உங்க சம்மதத்தோடதானே ஓட்டினாங்க?" என்று கேட்டார்.

கொழுந்தனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தாங்க சாவியக் குடுத்தேன். அண்ணி இல்லீன்னா எவனாச்சும் செத்திருப்பான்."

"அப்புறம் என்னங்க? இதுக்கு எதுக்கு வேற பேரு?" என்றார் சர்வேயர். படிவத்தில் எழுதியிருந்த பேரை அடித்து, என் பேரை எழுதி, கொழுந்தனாரிடம் கையெழுத்து வாங்கினார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பள்ளிபாளையத்துக்காரர் என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கங்க. தங்கச்சி கூப்பிட்டுச்சுன்னு வந்துட்டனுங்க" என்றார். அவர் ஒருவர்தான் அந்த வார்த்தையைச் சொன்னவர்.

கொழுந்தனார் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் வேறு ஒன்று தோன்றியது. இதே வார்த்தையை அவர் தன் வீட்டிலேயே, அவ்வளவு பேர் உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்கலாமே! எதற்காக ஒரு அந்நியர் வந்து கேட்கும்வரை காத்திருந்தார்?

கார் க்ளெய்ம் அடுத்த மாதமே கிடைத்தது. ஏஜென்ட் எல்லோரிடமும், "நான்தான் அப்பவே சொன்னேனே, யாரு ஓட்டினாலும் கவர் ஆகும்னு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று கேள்விப்பட்டேன்.

என் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேன் பாலிசியில் உரிமையாளருக்கு விபத்துக் காப்பீடு உண்டு, அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். ஆனால் நான் இருந்தது வேனில் இல்லை. கார் பாலிசியிலும் உரிமையாளருக்கு உண்டு, ஆனால் அந்தக் காருக்கு நான் உரிமையாளர் இல்லை. எலும்பு முறிவுக்கு எதிலும் கிடையாது. கையே போயிருக்க வேண்டும், அதுவும் என் சொந்த வண்டியில் வைத்துப் போயிருக்க வேண்டும். இதைக் கம்பெனிக் கிளையில் இருந்த பெண் அதிகாரி மிகவும் மரியாதையாக விளக்கினார். அடுத்தவருக்கு உதவப்போய்க் கை உடைந்தவளுக்கு இரண்டு பாலிசிக்கும் நடுவில் இடமே இல்லை என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ஏஜென்ட் என்ன சொன்னார், என்ன செய்யச் சொன்னார் என்று மூன்று பக்கத்துக்குக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னதற்குக் கம்பெனி பொறுப்பாகாது, பாலிசியைக் கவனமாகப் படிக்கும்படி வேண்டுகிறோம் என்று பதில் வந்தது. பொய்ப் பேர் எழுதச் சொன்னதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர் இன்னும் அதே மூன்று பேனாவோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

என் கணவரோடு பதினோரு நாள் சரியாகப் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரே வந்து, "நான் அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது. பிரச்சினை முடிஞ்சாப் போதும்னு நெனச்சுட்டேன்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வது எளிது. இப்போதும் சில நாள் வண்டியைக் கிளப்பும்போது, "நமக்கென்ன, இல்லீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வேன் பாலிசியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது நான் ஏஜென்டைத் தேடவில்லை. நேராகக் கிளைக்குப் போய், அதே பெண் அதிகாரியின் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். நான் வேறு ஒருவரின் காரை ஓட்டினால் எது செல்லும், எது செல்லாது என்று கேட்டேன். அவர் வாயால் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"எழுத்துல எல்லாம் குடுக்கறதில்லீங்க மேடம். பாலிசிலயே இருக்குதுங்க."

"இருக்கட்டுங்க. எனக்கு நாலு வரி தமிழ்ல வேணும். நான் காத்திருக்கறேன்."

பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். அவர் வேறு ஆட்களைப் பார்த்தார், தேநீர் குடித்தார், மேலாளர் அறைக்கு இரண்டு முறை போய்வந்தார். நான் எழவில்லை. ஒன்றே காலுக்கு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வேன் பாலிசி வேனுக்கு மட்டும். அடுத்தவர் கார் என்றால் அந்தக் காரின் பாலிசி, உரிமையாளர் சம்மதமும் செல்லும் உரிமமும் இருந்தால் செல்லும். ஓட்டுபவரின் காயத்துக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துக்கொள்வது நல்லது.

"இது போதுங்களா?" என்றார்.

கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுப் போட்டார். அந்தத் தாளை ஐந்து நகல் எடுத்து, ஒன்றை அயோத்தியாப்பட்டணத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.